பாசித் தொட்டியில் ஒரு சிட்டிகை இரும்பு

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கடைசியில் நடந்த கேள்வி பதிலையும் சேர்த்திருக்கிறேன்.)



போன கூட்டத்தில் சி பிளாக் மகளிர் குழுவினர் ஒரு யோசனை சொன்னார்கள். மொட்டை மாடியில் நான்கு தொட்டி வைத்து சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா, வளர்க்கலாம். நம் வீடுகளுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை விற்கலாம். தொடக்கச் செலவைச் சங்க நிதியிலிருந்து எடுக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. "சார், நீங்க பேங்க்ல இருந்தவர், வரவு செலவு பார்த்துச் சொல்லுங்க" என்று செயலாளர் அம்மா ஃபைலை என் பக்கம் தள்ளிவிட்டார்.

நான் பி.காம். படித்தவன். முப்பத்தைந்து வருடம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன். அறிவியல் மாணவன் இல்லை. ஆனால் இந்தப் பாசி என் குடும்பத்தில் இரண்டு முறை பாடம் நடத்தியிருக்கிறது. ஒன்று என் தங்கை மகனுக்கு. இன்னொன்று என் வீட்டம்மாவுக்கு. அந்த இரண்டையும் சொல்லிவிட்டு, கடைசியில் நம் தொட்டிக்கு வருகிறேன்.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத சுருள் நூல் போன்ற உயிர் இது. பாசி என்று நாம் சொன்னாலும் விஞ்ஞானிகள் பாக்டீரியா வகையில்தான் சேர்க்கிறார்கள். உப்பும் காரமும் மிகுந்த தண்ணீரில், நல்ல வெயிலில் வளரும். ஆப்பிரிக்காவில் சாட் ஏரிப் பக்கம் இருக்கும் மக்கள் இதை வடித்துக் காயவைத்து, குழம்பில் போட்டுச் சாப்பிடுவது நெடுங்கால வழக்கம். நம் நாட்டில் மகாராஷ்டிராவின் லோனார் ஏரியிலும் இது உண்டு. காய்ந்த பாசியில் பாதிக்கு மேல் புரதம்.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் நல்ல பழக்கம் உண்டு. சென்னையில் முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி.சேஷாத்ரி என்ற வேதிப் பொறியியல் அறிஞர் தலைமையில், கிராமத்துப் பெண்களே சிறு தொட்டிகளில் வளர்க்கும் முறையை உருவாக்கினார்கள். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனத்தின் பெரிய பண்ணை இருக்கிறது. மதுரையில் ஆன்டெனா அறக்கட்டளை சத்துக் குறைவான குழந்தைகளுக்காக வளர்த்தது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே ஒரு தேசிய மையம் உண்டு. வெயிலுக்கும் சூட்டுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. சுமார் 35 டிகிரி சூடு இதற்குச் சொர்க்கம். ஆகவே "இங்கே வளருமா" என்பது கேள்வியே இல்லை. வளர்ந்ததற்குள் என்ன இருக்கும் என்பதுதான் கேள்வி.

என் தங்கை மகன் கதைக்கு வருகிறேன். வேடசந்தூர் பக்கம் அவனுக்கு ஒன்றரை ஏக்கர். தண்ணீர் குறைந்து விவசாயம் கைகொடுக்காதபோது, ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, மனைவியின் நகையை அடகு வைத்துத் தொட்டி கட்டினான். கடன் மனுவைப் பூர்த்தி செய்து கொடுத்தவன் நான். அதனால் எனக்கும் அதில் பொறுப்பு உண்டு.

முதல் மாதம் தொட்டி கரும்பச்சையாக, நீலம் கலந்த மினுமினுப்போடு இருந்தது. இரண்டாவது மாதம் போன் வந்தது. "மாமா, பாசி இருக்கு. ஆனா நிறம் மங்கிக்கிட்டே போகுது. மஞ்சப் பச்சையாத் தெரியுது." வாங்குவதாகச் சொன்னவர் சாம்பிளைப் பார்த்துவிட்டு, நிறம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த நிறத்துக்குத்தான் விலை. சுருள்பாசியில் ஃபைகோசயனின் என்று ஒரு நீல நிறமி இருக்கிறது. புரதத்தோடு சேர்ந்த நிறமி அது. ஐஸ்கிரீம், மிட்டாய்க்குச் செயற்கை நீலம் போடுவதற்குப் பதிலாக இதைப் போடுகிறார்கள். அமெரிக்காவில் 2013-இல் மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் அனுமதி கொடுத்தார்கள். வெறும் பாசிப் பொடியின் விலைக்கும், பிரித்தெடுத்த அந்த நீலத்தின் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பயிர் மஞ்சளானால் நாம் என்ன நினைப்போம்? தழைச்சத்து குறைவு, யூரியா போடு என்போம். இவனும் அதையே செய்தான். ஒரே நாளில் கை நிறைய அள்ளிப் போட்டான். தொட்டித் தண்ணீர் காரத் தன்மை உள்ளது. யூரியா உடைந்து அம்மோனியாவாக மாறும்போது, அந்தக் காரத்தில் அது பாசிக்கு விஷம். நான்கு நாளில் இரண்டு தொட்டி நாறிப் போனது. தங்கை போனில் அழுதாள். நகைக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் மதுரையில் ஒரு ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியரைப் பிடித்தோம். அவர் தொட்டியைப் பார்க்கும் முன்பே கேட்ட கேள்வி: "தண்ணீர் எங்கே இருந்து? சோடா போட்டதும் தொட்டி அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்ததா?" படிந்திருந்தது. "அப்படியானால் உங்கள் பாசிக்குப் பசி இல்லை. இரும்புதான் இல்லை" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1966-இல் பிரான்சில் ஸாருக் என்ற ஆராய்ச்சியாளர் சுருள்பாசிக்கு ஒரு உணவுக் கலவையை வகுத்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அதை 1000 லிட்டர் தொட்டிக்கு நான் பெருக்கிப் பார்த்தேன். ஆப்ப சோடா 16.8 கிலோ. சோடியம் நைட்ரேட் 2.5 கிலோ. சமையல் உப்பு ஒரு கிலோ, பொட்டாசியம் சல்பேட் ஒரு கிலோ. பொட்டாசியம் பாஸ்பேட் அரைக் கிலோ. எப்சம் உப்பு 200 கிராம். கால்சியம் குளோரைடு 40 கிராம். மொத்தம் 22 கிலோ சரக்கு.

அதற்குப் பிறகு வருகிற ஐட்டங்களைக் கேளுங்கள். அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், 10 கிராம். போரிக் அமிலம் மூன்று கிராமுக்கும் குறைவு. மாங்கனீசு உப்பு இரண்டு கிராமுக்கும் குறைவு. துத்தநாக சல்பேட் கால் கிராம்கூட இல்லை. மயில்துத்தம் 0.08 கிராம், அதாவது ஒரு சிட்டிகையில் ஒரு துளி. இவற்றுக்குத்தான் நுண்ணூட்டம் என்று பெயர். அன்னபேதி 10 கிராமில் சுத்த இரும்பு என்று பார்த்தால் வெறும் 2 கிராம்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் பேங்கில் வேலை பார்த்தவர்கள் இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும். லட்சக்கணக்கில் வரவு செலவு நடந்த நாளில் பத்துப் பைசா டேலி ஆகாவிட்டால் ராத்திரி எட்டு மணி ஆனாலும் வீட்டுக்குப் போக முடியாது. இந்தக் கணக்கும் அப்படித்தான். 22 கிலோவும் சரியாக இருந்து, அந்த 2 கிராம் இல்லாவிட்டால் தொட்டி டேலி ஆகாது.

ஏன் அப்படி? நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வெயிலைப் பிடித்து உணவாக்குகிற இயந்திரம் ஒன்று பாசிக்குள் இருக்கிறது. அதன் ஒரு பாகத்தில் மட்டும் பன்னிரண்டு இரும்பு அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. இரும்பு குறைந்தால் பாசி சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். அந்தப் பாகங்களைக் குறைத்துக்கொள்ளும். பச்சையமும் குறையும், நீலமும் குறையும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த நீல நிறமிக்குள் இரும்பே கிடையாது. ஆனால் அதைச் செய்யும் வழியில் முதலில் நம் ரத்தத்தில் இருக்கும் ஹீம் போன்ற, நடுவில் இரும்பு வைத்த ஒரு வளையத்தைப் பாசி செய்கிறது. பிறகு அந்த வளையத்தை வெட்டித் திறந்து, இரும்பை வெளியே எடுத்துவிட்டு, நீலமாக மாற்றுகிறது. வெட்டும் வேலைக்கும் இரும்புள்ள இன்னொரு புரதம் உதவ வேண்டும். டிமாண்ட் டிராஃப்ட்டில் பணம் எழுதியிருக்கும். ஆனால் ஆபீசர் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது அல்லவா? இரும்பு அந்தக் கையெழுத்து.

சரி, தங்கை மகன் அன்னபேதி போடவில்லையா? போட்டிருந்தான். அளவாகவே போட்டிருந்தான். ஆனால் நம் சமவெளிப் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்கள் வீட்டு ஹீட்டரைத் திறந்து பார்த்தால் தெரியும். சுண்ணாம்பு. அதில் அத்தனை சோடாவைக் கொட்டினால் கால்சியம் எல்லாம் வெள்ளையாகத் திரண்டு அடியில் உட்காரும். உட்காரும்போது பாஸ்பேட்டையும் இழுத்துக்கொண்டு போகும். காரத் தண்ணீரில் இரும்பு தானாகவே துரு போலத் திரண்டுவிடும். தொட்டியில் இரும்பு இருக்கிறது. ஆனால் அடியில் கிடக்கிறது. பாசியால் எடுக்க முடியாது.

இது நம் ஊர் விவசாயிக்குப் புதிதல்ல. சுண்ணாம்பு நிலத்தில் நிலக்கடலை மஞ்சளாகும். மண்ணில் இரும்பு இருக்கும், செடிக்கு வராது. அதனால்தான் அன்னபேதியைக் கரைத்து இலையில் தெளிக்கிறார்கள். அதே நோய்தான் இது. தொட்டிக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வைத்தியம் என்ன? இரும்பைத் திரளவிடாமல் கைப்பிடித்துக் கூட்டிப்போக ஒரு துணை வேண்டும். ஸாருக்கின் கலவையில் அதற்காகவே ஈ.டி.டி.ஏ. என்ற பொருள் 1000 லிட்டருக்கு 80 கிராம் இருக்கிறது. செலவு பார்த்துத் தங்கை மகன் வாங்காமல் விட்டது அது ஒன்றைத்தான். எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலமும் ஓரளவுக்கு இந்த வேலையைச் செய்யும். பேராசிரியர் சொன்னபடி மழைநீரைச் சேர்த்து, கலவையைத் திருத்தி, மிச்சமிருந்த தொட்டியிலிருந்து விதைப்பாசி எடுத்துப் புதிதாகத் தொடங்கினான். மூன்றாவது வாரம் நீலப்பச்சை திரும்பியது. நகை திரும்ப வர இன்னும் ஒன்றரை வருடம் ஆனது.

மற்ற நுண்ணூட்டங்களுக்கும் ஆளுக்கொரு வேலை உண்டு. தண்ணீரை உடைத்து ஆக்சிஜன் விடும் இடத்தில் மாங்கனீசு. நைட்ரேட்டை ஜீரணிக்க மாலிப்டினம். கரிக்காற்றைக் கையாள துத்தநாகம். தாமிரமும் துளி வேண்டும். ஆனால் கவனியுங்கள்: அதே மயில்துத்தத்தைத்தான் தண்ணீர்த் தொட்டிகளில் பாசியை ஒழிக்கவும் போடுகிறார்கள். துளி என்றால் உணவு, தாண்டினால் விஷம். "கொஞ்சம் கூடப் போட்டா நல்லா வளரும்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

இன்னொரு விஷயம். எல்லாப் பாசிக்கும் ஒரே சட்டம் இல்லை. சுருள்பாசிக்குத் தழைச்சத்து குறைந்தால், அது தன் நீலப் புரதத்தையே உடைத்துச் சாப்பிட்டு உயிர் பிழைக்கும். கஷ்டத்துக்கு எஃப்.டி.யை உடைப்பது மாதிரி. நமக்கு வேண்டிய சரக்கு போய்விடும். ஆனால் தூத்துக்குடிப் பக்கம் உப்பளப் பாத்தி சில நேரம் செந்நிறமாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறத்தில் துனாலியெல்லா என்ற பாசிக்கும் பங்கு உண்டு. அதற்கு உப்பைக் கூட்டி, வெயிலைக் கூட்டி, தழைச்சத்தைக் குறைத்தால்தான் பீட்டா கரோட்டின் என்ற ஆரஞ்சு நிறச் சத்தைச் சேர்த்துவைக்கும். ஹீமட்டோகாக்கஸ் என்று இன்னொன்று. பச்சையாக வளர்த்துவிட்டு, பிறகு பட்டினி போட்டால் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி சேரும். அந்த நேரத்தில் அசிடேட்டோடு இரும்பையும் கொடுத்தால் சிவப்பு இன்னும் கூடுவதை 1993-இல் ஜப்பானில் காட்டினார்கள். அங்கே இரும்பு செய்வது வேறு வேலை. செல்லுக்குள் அது ஒரு நெருக்கடியை உண்டாக்குகிறது. அந்த நெருக்கடியைத் தாங்கத்தான் பாசி சிவப்பைச் சேர்க்கிறது. ஆக, வளர்ச்சி ஒரு பத்தி, மதிப்பு இன்னொரு பத்தி. தொட்டி நிறைந்திருப்பதை மட்டும் பார்த்து லாபம் எழுதக்கூடாது.

இப்போது என் வீட்டம்மா கதை. நாங்கள் சைவம். பிரியாணிக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு சைவம் என்றால் சிரிப்பீர்கள், பரவாயில்லை. சைவம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும் என்று கேள்விப்பட்டு, ஒரு வருடம் சுருள்பாசி மாத்திரை சாப்பிட்டாள். டப்பாவில் பி12 என்று பெரிதாக எழுதியிருந்தது. நானும் வாங்கிக் கொடுத்தேன். பாதம் மரத்துப்போகிறது என்றாள்; வயசு என்று நினைத்தோம். படி இறங்கும்போது ஒருநாள் தடுமாறினாள். டாக்டர் ரத்தம் பார்த்தார். பி12 மிகக் குறைவு. "பாசி மாத்திரையை நம்பி ஒரு வருடம் விட்டுவிட்டீர்களே" என்றார். ஊசி போட்ட பிறகு மெதுவாகச் சரியானது. முழுதாகச் சரியாகவில்லை. இன்றும் இடது பாதத்தில் லேசாக மரப்பு இருக்கிறது.

இதற்கும் நுண்ணூட்டம்தான் காரணம். பி12 மூலக்கூறின் நடுவில் கோபால்ட் என்ற உலோகம் இருக்கிறது. பாசியும் கோபால்ட்டை எடுத்து அதே மாதிரி ஒன்றைச் செய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி போலி பி12. ஒரு ஓரத்தில் உள்ள துணுக்கு மட்டும் வேறு. பாசிக்கு அது போதும். நம் குடலில் பி12-ஐப் பிடித்து உள்ளே அனுப்பும் புரதம் அதை ஏற்காது. திண்டுக்கல் பூட்டுக்கு ஒரு பல் மாறிய சாவியைப் போட்டால் திறக்குமா? சில பழைய பரிசோதனை முறைகள் இரண்டையும் சேர்த்து எண்ணிவிடும். அதனால்தான் டப்பாவில் அத்தனை பெரிய எண். பாசி தனக்கு வேண்டியதைத்தான் செய்கிறது. நமக்கு வேண்டியதைச் செய்ததா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இதுதான் நம் மாடித் தொட்டிக்கு முக்கியம். நல்ல இரும்பை, துத்தநாகத்தைத் துளித்துளியாகப் பொறுக்கிச் சேர்க்கிற பாசி, கெட்டதையும் அப்படியே சேர்க்கும். ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம் எல்லாவற்றையும். கழிவுநீரிலிருந்து கன உலோகங்களைப் பிரித்தெடுக்க இதே சுருள்பாசியை வைத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அங்கே அது குணம். சாப்பிடும் தட்டில் அதுவே குற்றம்.

நம் ஊர் தோல் பதனிடும் ஊர். அந்தத் தொழிலால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன, நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பதனிடும் வேலையில் குரோமியம் உண்டு. ஊரைச் சுற்றி நிலத்தடி நீர் கெட்டது பற்றி ஆய்வுகளும் வந்திருக்கின்றன. நம் போர் தண்ணீரில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நாம் அதைச் சோதித்ததே இல்லை என்றுதான் சொல்கிறேன். சங்கத்தின் பழைய ஃபைலைப் புரட்டிப் பார்த்தேன். உப்பு, கடினத்தன்மை பார்த்த ரிப்போர்ட் ஒன்று இருக்கிறது. கன உலோகம் பார்த்ததே இல்லை.

மாடித் தொட்டியில் இன்னொரு கணக்கும் உண்டு. சித்திரை வெயிலில் தண்ணீர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். நாம் தினமும் போர் தண்ணீர் ஊற்றி ஈடுகட்டுவோம். அதில் உள்ள உப்பும் உலோகமும் தொட்டியிலேயே சேர்ந்துகொண்டே போகும். கூட்டு வட்டி மாதிரி. ஆயிரம் லிட்டரில் சிதறிக் கிடப்பதைப் பாசி பொறுக்கி ஒரு கைப்பிடிப் பொடியில் வைக்கும். அந்தப் பொடியை நாம் சத்து என்று குழந்தைக்குக் கொடுப்போம்.

கடைசியாக, இதோ மேஜை மேல் இரண்டு கண்ணாடி டம்ளர். நேற்று ராத்திரி ஆளுக்கு ஒரு ஸ்பூன் பாசிப் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் வடிகட்டினேன். முதல் டம்ளர் தங்கை மகன் போன வாரம் கொடுத்தது. நல்ல நீலம். டார்ச் அடித்தால் ஓரத்தில் செந்நிறம் மின்னும், பக்கத்தில் வந்து பாருங்கள். இரண்டாவது எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு வருடமாகக் கிடந்த டப்பா. கலங்கலாக, சாயம் போன மாதிரி இருக்கிறது. அந்த நீலம் சூடு தாங்காது, நாள்பட்டாலும் குறையும். வீட்டில் யார் வேண்டுமானாலும் இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். நீலம் நன்றாக இருப்பதால் ஈயம் இல்லை என்று ஆகாது. அதை டம்ளர் சொல்லாது, ஆய்வகம்தான் சொல்லும்.

என் பரிந்துரை இதுதான். ஒன்று, சாப்பிடுவதற்கான பாசித் தொட்டிக்கு இப்போது சங்க நிதியைத் தொட வேண்டாம். இரண்டு, பாசி வளர்த்தாலும் வளர்க்காவிட்டாலும், நம் போர் தண்ணீரைக் கன உலோகம் உட்பட ஒருமுறை முழுதாகச் சோதிப்போம். பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் அதில்தானே. மூன்று, கடையில் வாங்குகிறவர்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணைப் பாருங்கள். அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கான, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். நான்கு, பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்ள மழைநீரில் ஒரு சிறு தொட்டி வைப்போம். சாப்பிட அல்ல, பார்க்க.

 கேள்வி இருந்தால் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி பதில்

ஏ பிளாக் சகோதரி ஒருவர்: "அண்ணா, என் பொண்ணுக்கு ரத்தம் கம்மி. டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரை வயித்தைப் புரட்டுதுன்னு இதைக் கொடுக்கலாம்னு இருந்தேன்."

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. வயிற்றைப் புரட்டுவதை டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார். பாசியில் இரும்பு உண்டு. ஆனால் எவ்வளவு என்பது தொட்டிக்குத் தொட்டி மாறும். வைத்தியத்துக்கு அளவு தெரிய வேண்டும். கூடவே முருங்கைக் கீரை கொடுங்கள். அதற்கு நம் மாவட்டத்தில் குறைவே இல்லை.

டி பிளாக் சார் ஒருவர்: "மாடியில் திறந்த தொட்டி வைத்தால் வேறு பாசி வந்து சேராதா?"

பதில்: நல்ல கேள்வி. காரத் தன்மை சரியாக இருக்கும்வரை பெரும்பாலானவை பிழைக்காது. அது இறங்கினால் வேறு பாசிகள் புகும். அவற்றில் சில, ஈரலைப் பாதிக்கும் நச்சை உண்டாக்கும். பெரிய பண்ணைகளில் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்ப்பார்கள். நம்மிடம் அது இல்லை. இதுவும் நான் வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம்.

சி பிளாக் மகளிர் குழுத் தலைவி: "அப்ப எங்க திட்டத்தை ஒரேடியா மூடிட்டீங்களா அண்ணா?"

பதில்: மூடவில்லை அம்மா. தள்ளுபடி வேறு, நிலுவை வேறு. தண்ணீர் ரிப்போர்ட் வரட்டும். அது சுத்தமாக இருந்து, மழைநீர்த் தொட்டியும் ஒரு கோடை தாங்கி, நீங்கள் முறையாகப் பயிற்சி எடுத்து, விளைந்த பாசியையும் ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பி, அந்த ரிப்போர்ட்டும் சரியாக இருந்தால், அடுத்த வருடம் நானே முன்மொழிகிறேன். என் தங்கை மகனை வரச் சொல்கிறேன். அவன் நகையை வைத்துக் கற்றதை உங்களுக்கு இலவசமாகச் சொல்லித் தருவான்.

(தண்ணீர்ப் பரிசோதனைக்குச் சங்க நிதியிலிருந்து செலவிட கூட்டம் ஒரு மனதாக ஒப்புக்கொண்டது. மாதிரி எடுக்கும் நாளை அறிவிப்புப் பலகையில் போடுகிறோம். இரண்டு போர்களிலிருந்தும் எடுக்க வேண்டும். சி பிளாக் மகளிர் குழுவினரே முன்னின்று எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ரிப்போர்ட் வந்ததும், எண் நல்லதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்த இதழில் அப்படியே வெளியாகும்.)